முடி கொட்டலுக்கு மருந்து: எத்தனை மில்லி, எத்தனை மில்லிகிராம்?

தலைமுடி மருந்து ஆரம்பித்தவர்கள் மூன்றாம் மாதத்தில் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: “ஒண்ணும் தெரியலையே, டோஸைக் கூட்டலாமா?” தலையில் தடவும் மினாக்சிடிலில் ஐந்து சதவீத பாட்டில் கைகொடுக்கவில்லை என்றால் பத்து சதவீதம், ஒரு மாத்திரை போதவில்லை என்றால் இரண்டு. தலைவலி மாத்திரைக்குப் பழகிய மனம் அப்படித்தான் போகும். ஆனால் முடி மருந்துகளில் அளவைக் கூட்டினால் ஒரு கட்டம் வரைதான் பலன் ஏறும். அந்தக் கட்டம் நாம் நினைப்பதைவிட மிகவும் கீழே இருக்கிறது. அதைத் தாண்டி ஊற்றுவதும் விழுங்குவதும் முடிக்குப் போவதில்லை, உடம்புக்குத்தான் போகிறது.

அளவைப் பேசுவதற்கு முன் எந்த முடி கொட்டலுக்கு அளவு என்று தெளிவாக இருக்க வேண்டும். டெங்கு, டைஃபாய்டு, கொரோனா, பிரசவம், பெரிய ஆபரேஷன், பட்டினி டயட் என்று ஏதாவது ஒன்று நடந்து இரண்டு மூன்று மாதம் கழித்துத் தலை முழுக்கக் கொத்துக்கொத்தாகக் கொட்டினால், வேர்கள் மொத்தமாக ஓய்வுக்குப் போயிருக்கின்றன என்று பொருள். காரணம் நீங்கிவிட்டால் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் கொட்டல் அடங்கிவிடும். இதற்குச் சரியான டோஸ் பல நேரம் பூஜ்யம். ரத்தத்தில் ஃபெரிட்டின் (இரும்புச்சத்தின் சேமிப்பு), தைராய்டு இரண்டையும் பார்த்து, குறை இருந்தால் அதைச் சரிசெய்தால் போதும். அந்த ரத்தப் பரிசோதனைக்கு முன் பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை லேபில் சொல்லிவிடுங்கள். “முடி வைட்டமின்” என்று விற்பதில் 5, 10 மில்லிகிராம் பயோட்டின் இருக்கும். ஒரு நாளைக்கு வேண்டியது 30 மைக்ரோகிராம்தான். அந்த அதிகப்படி, தைராய்டு ரிசல்ட்டையே பொய்யாகக் காட்டிவிடும்.

பின்னால் சொல்லப்போகும் மருந்துகள் பரம்பரை வழுக்கைக்கு: நெற்றியின் இரு மூலையும் ஏறுவது, உச்சி தெரிய ஆரம்பிப்பது, பெண்களுக்கு வகிடு அகலமாவது. இதில் முடி உதிர்ந்து காணாமல் போவதைவிட, ஒவ்வொரு சுற்றிலும் இளைத்து இளைத்துப் பூனை முடியாக மாறுவதுதான் அதிகம். இளைக்கவைப்பது டிஎச்டி என்ற ஹார்மோன். டெஸ்டோஸ்டெரோனை டிஎச்டியாக மாற்றும் என்சைமைப் பூட்டுவது ஃபினாஸ்டெரைடு. வேரைத் தூண்டி வளரும் காலத்தை நீட்டுவது மினாக்சிடில். முதலாவது கசிவை அடைக்கிறது, இரண்டாவது தொட்டிக்குத் தண்ணீர் விடுகிறது.

ஃபினாஸ்டெரைடு 5 மில்லிகிராமாக 1992-இல் புராஸ்டேட் வீக்கத்துக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. முடிக்கு 1 மில்லிகிராம் வந்தது 1997-இல். அந்த ஒன்று எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் டோஸ் விஷயமே புரிந்துவிடும். வழுக்கை உள்ள ஆண்களுக்குத் தினமும் வெவ்வேறு அளவு கொடுத்து, ஆறு வாரம் கழித்துத் தலைத்தோலில் டிஎச்டி எவ்வளவு குறைந்தது என்று அளந்தார்கள். மருந்தே இல்லாத வெறும் மாத்திரைக்கு 13 சதவீதம், 0.01 மில்லிகிராமுக்கு 14.9. அதாவது ஒன்றும் நடக்கவில்லை. 0.05 மில்லிகிராமுக்கு ஒரே தாவில் 61.6. பிறகு 0.2-க்கு 56.5, 1 மில்லிகிராமுக்கு 64.1, 5 மில்லிகிராமுக்கு 69.4. அளவை நூறு மடங்கு ஏற்றியும் கிடைத்தது எட்டு சதவீதத்துக்கும் குறைவான கூடுதல். என்சைம் முழுக்கப் பூட்டப்பட்ட பிறகு மேலும் சாவிகளைக் கொட்டி என்ன பயன்? ஜப்பானில் 2005-இல் அனுமதி கொடுத்தபோது 0.2, 1 என்று இரண்டு அளவுகளையும் ஏற்றுக்கொண்டார்கள். முடியை எண்ணிப் பார்த்த ஆய்வுகளில் 1 மில்லிகிராம் கொஞ்சம் மேலே நின்றதால் அதுவே வழக்கமான அளவாகிவிட்டது. ஆகவே 1 மில்லிகிராம் எடுத்தும் பலன் போதவில்லை என்று 5-க்குப் போவதில் அர்த்தமில்லை.

இதே எண்களுக்கு இன்னொரு பக்கமும் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. பக்கவிளைவுக்குப் பயந்து “அரை மாத்திரை போடுகிறேன்” என்பார்கள். ரத்தத்தில் டிஎச்டி குறைவது 0.2 மில்லிகிராமுக்கே 68.6 சதவீதம், 1 மில்லிகிராமுக்கு 71.4. மாத்திரையைப் பாதியாக்கினால் ஹார்மோன் கணக்கு கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும். தாம்பத்திய ஆர்வம் குறைவது, விறைப்பில் தளர்ச்சி, மனச்சோர்வு என்று உண்மையிலேயே ஏதாவது தெரிந்தால் அரையாக்கிப் பார்த்துக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். நிறுத்திவிட்டு டாக்டரிடம் பேசுங்கள். ஒரு வருட ஆய்வுகளில் பாலியல் தொடர்பான தொல்லை சொன்னவர்கள் மருந்து எடுத்தவர்களில் 3.8 சதவீதம், வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 2.1 சதவீதம். பெரும்பாலானோருக்கு வராது என்பது உண்மை. சிலருக்கு நிறுத்திய பிறகும் நீடித்ததாகப் பதிவுகள் இருப்பதும் உண்மை. தற்கொலை எண்ணம் வரக்கூடும் என்பதை 2025-இல் ஐரோப்பிய மருந்து முகமை பக்கவிளைவாக உறுதிசெய்திருக்கிறது. ஏற்கெனவே மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்தவர் அதை முதல் நாளே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். வீட்டில் ஒருவருக்காவது இந்த மருந்து எடுப்பது தெரிந்திருக்கட்டும். முகம் வாடுவது நமக்குத் தெரியுமுன் அவர்களுக்குத் தெரியும்.

செலவு மிச்சம் என்று 5 மில்லிகிராம் மாத்திரையை நாலாக வெட்டுகிறவர்கள் உண்டு. கணக்குப்படி ஒரு துண்டு 1.25 மில்லிகிராம். கத்தியால் வெட்டினால் ஒரு துண்டு பெரிதாகவும் ஒன்று தூளாகவும் வரும். மேலே பார்த்த எண்களின்படி, பலன் விஷயத்தில் இந்த ஏற்ற இறக்கம் பெரிய சேதமில்லை. சிக்கல் தூளில் இருக்கிறது. கர்ப்பமாக இருக்கும், அல்லது ஆகக்கூடிய பெண் அந்த உடைந்த மாத்திரையைத் தொடக்கூடாது, ஆண் குழந்தையின் உறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கும் மருந்து அது. முழு மாத்திரையின் மேல்பூச்சு அந்தத் தூளை அடக்கி வைத்திருக்கிறது. வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் 1 மில்லிகிராம் மாத்திரையாகவே வாங்கிவிடுங்கள். சாப்பாட்டுக்கு முன்னோ பின்னோ எப்போது வேண்டுமானாலும் போடலாம். ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரண்டு போட வேண்டாம். ரத்தத்தில் மருந்தின் அரை ஆயுள், அதாவது அதன் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம், ஐந்தாறு மணிதான் என்றாலும், பூட்டிய என்சைம் அவ்வளவு சீக்கிரம் விடுபடாது.

டூட்டாஸ்டெரைடு இதைவிடப் பலமான பூட்டு. என்சைமின் இரண்டு வகைகளையும் அடைத்து ரத்தத்தின் டிஎச்டியைத் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் இறக்குகிறது. முடிக்கென்று தென்கொரியாவில் 2009-இலும் ஜப்பானில் 2015-இலும் அனுமதி கிடைத்தது. அமெரிக்காவில் இன்னும் புராஸ்டேட்டுக்கு மட்டும்தான். அளவு 0.5 மில்லிகிராம். உள்ளே எண்ணெயில் கரைந்த திரவம் இருப்பதால் கேப்சூலை வெட்ட முடியாது, ஆகவே குறைக்க வேண்டுமென்றால் நாட்களைத்தான் குறைக்க வேண்டும். அரை ஆயுள் சுமார் ஐந்து வாரம் என்பதால் சில டாக்டர்கள் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் என்றும் எழுதுகிறார்கள். அதே ஐந்து வாரம் இன்னொரு பக்கம் சுமையாகிறது: ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்தினாலும் மாதக்கணக்கில் உடம்பில் இருக்கும். என் கருத்தில், ஃபினாஸ்டெரைடில் ஒரு வருடம் நின்று பார்க்காமல் நேராக இதற்குத் தாவக்கூடாது.

மினாக்சிடிலுக்கு வருவோம். இதில் டோஸ் கெடுவது பெரும்பாலும் பாட்டிலில் இல்லை, கையில்.

5 சதவீதம் என்றால் ஒரு மில்லியில் 50 மில்லிகிராம். ஆண்களுக்கு ஒரு தடவைக்கு 1 மில்லி, நாளைக்கு இரண்டு தடவை. 60 மில்லி பாட்டில் சரியாக முப்பது நாள் வர வேண்டும். இரண்டு மாதம் வருகிறது என்றால் பாதி அளவுதான் போகிறது. பதினைந்தே நாளில் தீர்ந்தால் மிச்சம் நெற்றியிலும் காலரிலும் வழிகிறது. டோஸ் சரிதானா என்று சோதிக்க இதைவிட எளிய வழி இல்லை. பாட்டிலைத் திறந்த தேதியை லேபிள் மேலேயே எழுதி வையுங்கள். பெண்களுக்கு 2 சதவீதம் என்றால் 1 மில்லி இரண்டு தடவை, 5 சதவீத ஃபோம் என்றால் அரை மூடி ஒரே தடவை.

தடவுவதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். டிராப்பரை 1 மில்லி கோடு வரை உறிஞ்சுங்கள், கோட்டைக் கண்மட்டத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். முடி உலர்ந்திருக்க வேண்டும். ஒரு விரலால் வகிடு பிரித்து, டிராப்பர் நுனி தோலைத் தொடும் அளவுக்கு இறக்கி, கால் மில்லியை அந்தக் கோட்டில் மெதுவாக விடுங்கள். விரல் நுனியால் ஒற்றுங்கள், தேய்க்க வேண்டாம். அரை அங்குலம் தள்ளி அடுத்த வகிடு, அடுத்த கால் மில்லி. நான்கு வகிட்டில் ஒரு மில்லி முடியும். மொத்தத்தையும் உச்சியில் ஒரே இடத்தில் கவிழ்த்தால் முடி நனையும், தோல் நனையாது. முடியில் ஒட்டிய மருந்து பொருக்காகக் காய்ந்து சீப்பில் வெள்ளைத் தூளாக வரும். அது டோஸில் கழித்துக்கொள்ள வேண்டிய கணக்கு. ஸ்ப்ரே முனை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், எத்தனை அழுத்தினால் ஒரு மில்லி என்பதை அட்டையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு நான்கு மணி நேரம் தலை குளிக்கக்கூடாது. நம் ஊர் வெயிலில் காலையில் தடவிவிட்டு உடனே ஹெல்மெட் போட்டால் வியர்வையோடு மருந்தும் இறங்கிவிடும். வண்டி ஓட்டுகிறவர்கள் எழுந்தவுடன் தடவி, கிளம்புவதற்குள் காயவிடுங்கள். இரவில் படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் தடவினால் தலையணைக்குப் போகாது. தேங்காய் எண்ணெய் வைத்த தலையில் தடவினால் மருந்து தோலுக்குச் சீராகப் போய்ச் சேராது. எண்ணெய் வேண்டுமென்றால் மருந்து தடவி நாலைந்து மணி நேரம் கழித்து வைத்து, அடுத்த வேளைக்கு முன் அலசிவிடுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மருந்து தடவிய தலையில் முகம் புதைத்துத் தூங்கும் கைக்குழந்தைகளுக்கு உடம்பில் முடி வளர்ந்த நேர்வுகள் ஐரோப்பாவில் பதிவாகியிருக்கின்றன. பூனை வளர்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: தலையணையில் ஒட்டிய சிறு அளவை நக்கினாலே பூனைக்கு உயிர்போகும் விஷம் இது.

ஆரம்பித்து இரண்டிலிருந்து எட்டு வாரத்துக்குள் கொட்டல் அதிகமாகலாம். இங்கேதான் பலர் பயந்து நிறுத்துகிறார்கள், இல்லையென்றால் டோஸைக் கூட்டுகிறார்கள். ஓய்வில் இருந்த பழைய முடியைத் தள்ளிவிட்டுப் புதியது கிளம்புவதால் வருவது அது. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். தலை அரித்துச் செதில் உதிர்ந்தால் குற்றவாளி பெரும்பாலும் மருந்தைக் கரைத்திருக்கும் புரோப்பிலீன் கிளைக்கால். அது இல்லாத ஃபோமுக்கு மாறினால் அநேகருக்கு அடங்கிவிடும்.

2 சதவீதத்தையும் 5 சதவீதத்தையும் 48 வாரம் ஒப்பிட்ட ஆய்வில் ஆண்களுக்கு 5 சதவீதம் 45 சதவீதம் கூடுதலாக முடி வளர்த்தது. அந்த உற்சாகத்தில்தான் 10 சதவீத பாட்டில்கள் கடைக்கு வந்தன. எகிப்தில் இரண்டையும் ஒப்பிட்டபோது 10 சதவீதம் முந்தவில்லை, 5 சதவீதமே சற்று மேலாக இருந்தது. எரிச்சல் மட்டும் 10-இல் அதிகம். மினாக்சிடில் வேலை செய்ய, வேரில் இருக்கும் ஒரு என்சைம் அதைச் சல்ஃபேட்டாக மாற்ற வேண்டும். அந்த என்சைம் சிலருக்குக் குறைவு. அவர்கள் தலையில் பத்து சதவீதம் ஊற்றினாலும் மாற்றிக்கொடுக்க ஆள் இல்லை.

அப்படிப்பட்டவர்களுக்கும், தினமும் இரண்டு வேளை தடவ முடியாதவர்களுக்கும் டாக்டர்கள் இப்போது குறைந்த அளவு மினாக்சிடில் மாத்திரை எழுதுகிறார்கள். இது முடிக்கென்று அனுமதி பெற்ற மாத்திரை இல்லை. 1979-இல் கடுமையான ரத்த அழுத்தத்துக்காக வந்தது, அங்கே நாளைக்கு 10 முதல் 40 மில்லிகிராம் வரை கொடுப்பார்கள். முடிக்கு அதன் சிறு பகுதி போதும். பெண்களுக்கு 0.25 முதல் 1.25 வரை, சிலருக்கு 2.5. ஆண்களுக்கு 2.5 முதல் 5. தடவும் மருந்தோடு ஒப்பிட ஒரு கணக்கு: நாளைக்கு 2 மில்லி தடவினால் தோலில் விழுவது 100 மில்லிகிராம், ரத்தத்துக்குப் போவது அதில் ஒன்றரை சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு, அதாவது சுமார் 1.4 மில்லிகிராம். மாத்திரையில் 5 மில்லிகிராம் என்பது அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். 2024-இல் வெளியான பிரேசில் ஆய்வில் ஆண்களுக்கு 5 மில்லிகிராம் மாத்திரை, இரண்டு வேளை தடவும் 5 சதவீதத்தைவிட மேலானது என்று நிரூபணமாகவில்லை. எனவே தடவுவது ஒத்துக்கொள்கிறவருக்கு மாத்திரை பதவி உயர்வு ஆகாது.

மாத்திரையை ஏற்றும் விதம் முக்கியம். ஆரம்பிக்கும் முன் ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, உடல் எடை மூன்றையும் குறித்து வையுங்கள். குறைந்த அளவில் தொடங்கி, ஒத்துக்கொண்டால் சில மாதம் கழித்துத்தான் அடுத்த படி. முதல் வாரங்களில் மாலையில் கணுக்காலை விரலால் அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து உடனே நிரம்பாவிட்டால் நீர் கோக்கிறது. எடை திடீரென ஏறுவது, படபடப்பு, எழுந்தவுடன் தலைசுற்றல், படுத்தால் மூச்சு முட்டுவது என்றால் அடுத்த மாத்திரையைப் போடாமல் டாக்டரைப் பாருங்கள், மார்பு வலியோ மூச்சுத் திணறலோ என்றால் நேராக ஆஸ்பத்திரி. இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள் இதைத் தொடவே கூடாது. பிரஷர் மாத்திரை எடுப்பவர்கள் அதைச் சொல்லாமல் ஆரம்பிக்கக்கூடாது. முகத்திலும் கையிலும் முடி வளர்வது பெண்களுக்குப் பெரிய மனக்கஷ்டம், அளவைக் குறைத்தால் இதுவும் குறையும்.

மாத்திரையில் நடக்கும் மோசமான தவறு புள்ளியில் நடக்கிறது. 0.5 என்று எழுதியதை 5 என்று படித்தால் பத்து மடங்கு. கடையில் வாங்கியவுடன் அட்டையில் அச்சிட்ட மில்லிகிராமையும் சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 10 மில்லிகிராம் மாத்திரையை எட்டாக வெட்டி 1.25 ஆக்குவது வேண்டவே வேண்டாம். ஃபினாஸ்டெரைடில் துண்டு பெரிதானால் பெரிய பாதகமில்லை என்றேன், இங்கே அப்படிச் சொல்ல முடியாது. 2.5 மில்லிகிராம் மாத்திரை கேட்டு வாங்கிப் பாதியாக்குங்கள்.

மினாக்சிடில் 5 சதவீதத்தோடு ஃபினாஸ்டெரைடு 0.1 சதவீதம் கலந்த பாட்டில் இங்கே நிறைய ஓடுகிறது. “மேலே தடவுவதுதானே” என்று வாங்குகிறார்கள். 0.1 சதவீதம் என்றால் மில்லிக்கு 1 மில்லிகிராம். நாளைக்கு 2 மில்லி என்றால் 2 மில்லிகிராம் தோலில் விழுகிறது. ஒரு பகுதி ரத்தத்துக்கும் போகும். முறையாக அளந்த ஸ்ப்ரேயை வைத்து நடத்திய ஆய்விலேயே ரத்தத்தின் டிஎச்டி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. ஆகவே மாத்திரைக்குச் சொன்ன எச்சரிக்கை எல்லாம் இதற்கும் உண்டு. தினமும் கூடுதலாக ஒரு மில்லி ஊற்றுவது இதில் சும்மா போகாது. கர்ப்பமாகக்கூடிய மனைவி அந்த ஈரத் தலையைத் தொடக்கூடாது.

பெண்களுக்கு, ஆண் ஹார்மோனின் வேலையைத் தடுக்கும் ஸ்பைரனோலாக்டோன் மாத்திரை எழுதினால் பொதுவாக 25, 50 மில்லிகிராமில் ஆரம்பித்து 100 அல்லது அதற்கு மேல் ஏற்றுவார்கள். பொட்டாசியம், ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், கர்ப்பத்தடை கட்டாயம்.

இனி, டோஸ் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? குளியலறையில் முடி எண்ணாதீர்கள். ஒரு நாளைக்கு 50 முதல் 100 கொட்டுவது இயல்பு, தலை குளித்த நாளில் இன்னும் கூடும். முடி மாதம் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். மூன்றாம் மாதம் கண்ணாடியில் தெரிய நியாயமே இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை போட்டோ எடுங்கள்: அதே ட்யூப்லைட், அதே தூரம், எண்ணெய் இல்லாத உலர்ந்த முடி, அதே வகிடு. ஈர முடியும் ஜன்னல் வெளிச்சமும் ஒரே தலையை இரண்டு தலையாகக் காட்டும். ஆறாம் மாதப் படத்தை முதல் படத்தோடு வையுங்கள், தீர்ப்பைப் பன்னிரண்டாம் மாதத்துக்கு ஒத்திப்போடுங்கள். இருந்த இடத்திலேயே நின்றிருந்தால் அந்த டோஸ் ஜெயித்துவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கீழே போயிருந்தால் ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்து இன்னொரு ஆறு மாதம் காத்திருங்கள். மாத்திரையையும் லோஷனையும் ஒரே வாரத்தில் மாற்றினால், பலன் எதால், தொல்லை எதால் என்று யாராலும் சொல்ல முடியாது.

நிறுத்தினால், மருந்தால் நின்றிருந்த முடி சில மாதங்களில் போய்விடும், பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் பழைய பாதைக்கே தலை திரும்பும். ரத்ததானம் செய்பவர்கள் கடைசி ஃபினாஸ்டெரைடு மாத்திரைக்குப் பிறகு ஒரு மாதமும், டூட்டாஸ்டெரைடுக்குப் பிறகு ஆறு மாதமும் பொறுக்க வேண்டும், அந்த ரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போகலாம். ஐம்பது வயதைத் தொட்டவர்கள் புராஸ்டேட்டுக்கான பிஎஸ்ஏ பரிசோதனைக்குப் போகும்போது இந்த மாத்திரைகளைப் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள். இவை பிஎஸ்ஏ எண்ணைச் சுமார் பாதியாக இறக்கிவிடும். ரிப்போர்ட்டில் 2.5 என்று வந்தால் டாக்டர் அதை 5 என்று படிக்க வேண்டும். “முடிக்குத்தானே சாப்பிடுகிறேன்” என்று சொல்லாமல் விட்டால் அவருக்கு அது தெரிய வழியில்லை.